கோயிலுக்குப் போற நாளில் நாலு குளிசை

அகீலாக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய பயத்தில்தான் தொடங்க வேண்டும். குருக்கள்மடத்திலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிறவர், பாதி வழியில் திரும்பிப் போய்க் காஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு வருவார். புருஷன் கட்டாரில். அந்த மனிசன் போன் எடுக்கப் பத்து நிமிடம் பிந்தினால் இவருக்குச் சோறு இறங்காது. பதினெட்டு வருடத் தாதி வேலையில், ஆளின் பெயரை மூன்று தரம் கேட்காமல் ஓர் ஊசிகூடப் போட்டதில்லை. நோயாளிகள் சலித்துப்போய், "மிஸ்ஸி, காலையில இருந்து நான் அதே ஆள்தான்" என்பார்கள்.

நான் றஸீனா. காத்தான்குடி. மூட்டு வருத்தக் கிளினிக்கில் அவருக்குப் பக்கத்து மேசை. அவருக்கு நான் எட்டு வயது இளையவள். வாய் மட்டும் எட்டு வயது மூத்தது. "சும்மா இரிங்க அக்கா, வருத்தத்தில சாகமாட்டீங்க, பயத்திலதான் சாவீங்க" என்று நான் அவரைச் சீண்டாத நாளில்லை. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருடைய பயம் எனக்குப் பகிடி.

எங்கள் கிளினிக்கில் மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு குளிசை கொடுப்போம். சின்ன மஞ்சள் குளிசை, பார்த்தால் பாவம்போல இருக்கும். கிழமைக்கு ஒரு நாள் குடித்தால் வீங்கிய மூட்டு அடங்கும். நாள்தோறும் குடித்தால் வாய் புண்ணாகும், நோய்க்கிருமியோடு சண்டை பிடிக்கிற அணுக்கள் இரத்தத்தில் குறைந்துகொண்டே போகும், பிறகு ஒரு சின்னக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். மற்ற எல்லாக் குளிசையையும் நாள்தோறும் குடித்துப் பழகிய சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது லேசான வேலையில்லை.

அகீலாக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கிழமையை மட்டும் சொல்லிவிட்டு விடமாட்டார். அந்த ஆள் கிழமைக்கு ஒரு தரம் தவறாமல் செய்வது எது என்று கேட்டுப் பிடித்து, குளிசையை அதிலே கட்டிவிடுவார். ஒருவருக்குச் சந்தைக்குப் போகிற நாள். இன்னொருவருக்கு மகன் வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கிற நாள். "இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்பார் பிறகு. சரியாகச் சொன்னால் கிளினிக் கொப்பியில் பச்சைப் பேனையால் ஒரு சொல் எழுதுவார்: விளங்கிக்கொண்டார். பெரிய டொக்டரே அதைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் அப்படிச் செய்யச் சொன்னார். நானும் பழகிக்கொண்டேன்.

ஆச்சிப்பிள்ளை எங்களிடம் வந்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று கிழமை முன்னால். வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் சங்கடப்படும். ஐம்பத்தெட்டு வயது. வட்டையில் களை பிடுங்கியும் கதிர் பொறுக்கியும் உழைத்த கை, விரல் மடக்க முடியாமல் வீங்கிக் கிடந்தது. கூட மருமகள் கம்சாயினி. இன்றைக்கு என்ன கிழமை என்று அகீலாக்கா கேட்டதற்கு ஆச்சிப்பிள்ளை மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வயலுக்குப் போறவளுக்குக் கிழமை என்னத்துக்கு மிஸ்ஸி? வாய்க்கால்ல தண்ணி வந்தா வேலை, நிண்டா வீடு."

"கிழமைக்கு ஒரு நாள் தவறாமச் செய்யிற காரியம் ஏதும் இரிக்கா?"

"ஓம். பின்னேரம் பிள்ளையார் கோயிலுக்குப் போவன். வெள்ளி எண்டு மருமகள் சொல்லுவா, குளிச்சிற்றுப் போவன்."

அகீலாக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப கோயிலுக்குப் போற நாளில நாலு குளிசை. போகாத நாளில ஒண்டும் இல்ல. எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்பம்."

"கோயிலுக்குப் போற நாளில நாலு குளிசை. போகாத நாளில தொடவும் மாட்டன்."

பச்சைப் பேனை. விளங்கிக்கொண்டார்.

மூன்று கிழமை கழித்து, அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் கிளினிக் நிரம்பி வழிந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண், படுவான்கரைப் பக்கத்து ஆள்தான், முன்னுக்கு வந்து கெஞ்சினாள். "மிஸ்ஸி, என்னக் கெதியா விடுங்க. எங்கட அம்மன் கோயில் கதவு திறந்து கிடக்கு. திங்கக்கிழமையில இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் போறம். இண்டைக்கும் போகோணும்."

இது வைகாசி மாதம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கண்ணகி அம்மன் கோயில்களில் இந்த மாதத்தில்தான் கதவு திறந்து சடங்கு நடக்கும். ஊர் முழுக்க நாள்தோறும் போகும். கடைசி நாள் குளிர்த்தி. அதோடு அம்மனின் கோபச் சூடு தணியும் என்று நம்பிக்கை. காத்தான்குடி முஸ்லிம் மனிசி எனக்கே தெரிந்த சங்கதி, குருக்கள்மடத்து அகீலாக்காவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது.

"ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டார். குரல் என்னவோ போல இருந்தது. பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "றஸீனா. ஆச்சிப்பிள்ளை."

"எந்த ஆச்சிப்பிள்ளை?"

"கோயிலுக்குப் போற நாளில நாலு குளிசை."

எனக்கும் விளங்கிவிட்டது. இருந்தும் என் வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் ஒண்டும் இரிக்காது அக்கா. அவ வெள்ளிக்கிழமைதான் குடிப்பா. மருமகளுக்குத் தெரியாதா?" என்றேன். அகீலாக்கா காதில் வாங்கவில்லை. நேரே டொக்டரின் அறைக்குப் போனார். டொக்டர் கேட்டுவிட்டுக் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ இருந்தால் ஒரு மணித்தியாலமும் பிந்தக் கூடாது, எப்படியாவது ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார்.

கொப்பியில் இருந்தது மகன் உதயரூபனின் போன் இலக்கம். அடித்தோம், அடித்தோம், அது நிறுத்தி வைத்திருந்தது. அவன் கோயில் வேலைக்கு நின்றிருப்பான். அந்த ஊர் மருத்துவிச்சிக்கு அடித்தால், அவர் பயிற்சிக்கென்று கொழும்பில் நின்றார். அம்புலன்ஸை அனுப்பலாம்தான். ஆனால் சடங்குக் காலத்தில், ஒரு விளக்கமும் இல்லாமல் வாசலில் வந்து நிற்கிற அம்புலன்ஸில் யார் ஏறுவார்? மேசைகளை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டியில் கிளம்பினோம்.

குருக்கள்மடத்துத் துறையில் வாவியைக் கடக்கிற இரும்பு மிதவைக்குப் 'பாதை' என்றுதான் பெயர். ஆட்கள், மோட்டார் சைக்கிள், மாடு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். அன்றைக்கென்று பார்த்து ஓர் உழவு இயந்திரம் வருகிறதாம், அது வரும்வரை பாதை நகராதாம். அகீலாக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை, வெயிலைப் பார்க்கவில்லை, விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தார்.

"போன வெள்ளி நாலு. திங்கள் நாலு. செவ்வாய் நாலு. புதன், வியாழன். இருவது குளிசை, புள்ள. ஏழு நாளில இருவது."

"வயசான ஆக்கள் ஒழுங்காக் குடிக்கிறதே இல்ல அக்கா. ரெண்டு நாள் மறந்திருப்பா."

"அவ மறக்க மாட்டா. 'தொடவும் மாட்டன்' எண்டு சொன்ன ஆள். சொன்னதச் செய்யிற ஆள் கா அது." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "திருப்பிச் சொல்லுங்க எண்டு கேட்டனே. சரியாத்தானே சொன்னா. நான் குடுத்ததே பிழை, அவ எப்படித் திருப்பிச் சொன்னாலும் பிழைதானே."

உழவு இயந்திரம் ஏறி, பாதை நகர்ந்தது. நடு வாவியில் நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னதைச் சொல்லத்தான் வேண்டும். "அங்க போய் எல்லாத்தையும் கொட்டாதீங்க. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளல்ல, ரத்தம் பாக்கோணும் எண்டு சொல்லுவம். ஆள் வந்தாப் போதும்தானே. ஏன் வேலைக்கு ஆபத்தத் தேடுறீங்க?" அவர் மறுபடி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. கூப்பிட்டதும் கம்சாயினி ஓடிவந்தாள். எங்கள் வெள்ளை உடுப்பைக் கண்டதும் படலையைத் திறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வராதீங்க மிஸ்ஸி, குறை நினைக்காதீங்க. மாமிக்கு அம்மாள் போட்டிருக்கு. ஆஸ்பத்திரியால வந்தவங்க உள்ள வரப்படாது."

நானோ காலையில் மீன் கறியோடு இடியப்பம் தின்றுவிட்டு வந்தவள். நாலு அடி பின்னால் போய் நின்றேன். அகீலாக்கா மட்டும் படலைக்கு வெளியே நின்றபடி கேட்க ஆரம்பித்தார். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த மனிசிக்கு, ஆளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும் நடுக்கம் நின்றுபோனது. அதை நான் கண்ணால் கண்டேன்.

"உடம்பில கொப்புளம் இரிக்கா?"

"இல்ல. வாய்க்குள்ளதான். வாயெல்லாம் வெந்து கிடக்கு. தண்ணியும் இறங்குதில்ல. நேத்துக் கோயிலால வந்ததில இருந்து உடம்பு காயுது."

"எப்ப தொடங்கினது? கோயில் கதவு திறக்கிறதுக்கு முதலா, மறுகாவா?"

"மறுகா. புதன்கிழமை."

"வீட்டில வேற ஆருக்கும் போட்டிருக்கா? அயலில?"

"இல்லயே."

"மாமிட குளிசைப் பையக் கொண்டாங்க, புள்ள. பதறாம எடுத்திற்று வாங்க."

கம்சாயினி கொண்டுவந்த காகித உறையை அகீலாக்கா உள்ளங்கையில் கவிழ்த்தார். முப்பத்திரண்டு கொடுத்தது, இரண்டு மாதத்துக்கு. நாலு மிஞ்சிக் கிடந்தது. அன்று பின்னேரத்துக்கான நாலு.

யா அல்லாஹ், நாங்கள் ஒரு நாள் பிந்தியிருந்தால்? ஆளைக் கொண்டுபோய்விட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

அப்போதுதான் ஆச்சிப்பிள்ளை வாசலுக்கு வந்தார். துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிலையிலும் எங்களைக் கண்டு சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது, பேச்சு குழறியது.

"மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரித்தான். கோயிலுக்குப் போன ஒரு நாளும் விடல்ல. இதுக்குள்ள அம்மாள் பாத்திற்றா. திங்கக்கிழமை குளிர்த்தி. அம்மாள் குளிர்ந்தா இதுவும் இறங்கிரும். செவ்வாய் நானே வாறன்."

செவ்வாய்க்கிழமை வரை அவர் தாங்கமாட்டார் என்று எனக்கும் தெரியும், அகீலாக்காவுக்கும் தெரியும். நான் முன்னுக்கு வந்து அகீலாக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன், வாவியில் நான் சொன்னதைச் சொல்லுங்கள் என்று. அவர் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"அம்மாள் தந்ததெண்டா நானும் குளிர்த்தி மட்டும் காத்திருப்பன் அம்மா. இது அம்மாள் தந்ததில்ல. நான் தந்தது." பக்கத்து வளவில் இரண்டு பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகீலாக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "கிழமைக்கு ஒரு நாள் குடிக்கிற குளிசை. கோயிலுக்குப் போற நாளில எண்டு நான் பிழையாச் சொல்லித் தந்தன். சடங்கு வருமெண்டு யோசிக்கல்ல. நீங்க ஒரு பிழையும் செய்யல்ல, நான் சொன்னத அப்படியே செய்தீங்க. அதாலதான் வாய் புண். இப்ப வரல்லயெண்டா உயிருக்கு ஆபத்து."

கம்சாயினி படலையை விட்டுவிட்டாள். அவளுடைய முகம் மாறியது. "மாமியக் கொல்லப் பாத்தீங்களா?" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அகீலாக்கா தலையைக் குனிந்து, "பிழைதான் புள்ள. என்னை என்னவும் ஏசுங்க. ஏத்திவிட்டிற்று ஏசுங்க" என்றார்.

ஆச்சிப்பிள்ளை சுவரோடு சாய்ந்து நின்று அகீலாக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.   பிறகு துவாயை இறக்கிவிட்டுச் சொன்னார்: "கம்சா, என்ட மாத்துச் சீலைய எடு."

அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் பாலத்தால் சுற்றி வந்து சேர நாற்பது நிமிடம். ஏறும்போது ஆச்சிப்பிள்ளை, குளிர்த்தித் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவரச் சொல்லி மருமகளிடம் சொன்னார். அகீலாக்கா உடனே திரும்பி, "தலையில தெளிக்கலாம். வாயில விடப்படாது. கொதிச்சாறின தண்ணிதான் குடிக்கலாம்" என்றார். அந்த நேரத்திலும் விடவில்லை, பாருங்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது வாட்டு டொக்டர், எங்கள் கிளினிக் டொக்டரல்ல, அந்தக் கடதாசியை இரண்டு தரம் பார்த்தார். வெள்ளை அணு அடியோடு இறங்கிக் கிடந்தது. தனி அறை, குளிசையை முறிக்கிற மருந்து, கிருமிக்கு ஊசி. இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்றார். பிறகு கட்டிலருகே வந்து, "இத நாள்தோறும் குடிக்கச் சொன்னது ஆர்?" என்று கேட்டார்.

ஆச்சிப்பிள்ளை குழறிக் குழறிச் சொன்னார். "நான்தான் டொக்டர். மிஸ்ஸி சரியாத்தான் சொன்னா. கிழவி, மறந்து போய்க் குடிச்சிற்றன்."

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தலை தப்பியது என்று நினைத்தேன். அகீலாக்கா கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து, "இல்ல டொக்டர். அவ மறக்கல்ல. நான் சொன்னதத்தான் செய்தா. நான் எழுதித் தாறன்" என்றார். அன்றைக்கே இருந்து எழுதியும் கொடுத்தார். அது மேலிடத்துக்குப் போனது, விசாரணையும் நடந்தது, அது வேறு கதை.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிஷா உம்மா! எங்கள் ஊர் மனிசி. திங்கட்கிழமை தவறாமல், கடமையில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கிறவர். அகீலாக்காவைப் பார்த்துப் பழகி நான் அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருந்தேன்? 'நோன்பு பிடிக்கிற நாளில, நோன்பு துறந்தாப் பிறகு ஆறு குளிசை.' இப்போது ஹஜ் மாதம் பிறந்து ஐந்தாம் நாள். அந்த மாதத்தில் முதல் ஒன்பது நாளும் நோன்பு பிடிக்கிற ஆள் அவர். காலையிலிருந்து அகீலாக்காவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்த நான், விறாந்தைக்கு ஓடினேன்.  மணி அடித்தது, அடித்தது, நாலாம் தரம் எடுத்தார்.

"உம்மா, நோன்பா?"

"ஓம் மகள். அஞ்சாவது."

"அந்த மஞ்சள் குளிசை? ஒவ்வொரு நாளும் குடிச்சீங்களா?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? திங்கக்கிழமை மட்டும்தான். டொக்டர் கொப்பியில எழுதித் தந்தத மகன் வாசிச்சுச் சொன்னான். நீ என்னவோ நோன்பு கீன்பு எண்டு சொன்னாய், எனக்கு விளங்கல்ல, நான் கணக்கெடுக்கல்ல."

நான் விறாந்தையில் குந்திவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது. என் பேச்சைக் கேளாத மனிசி நல்ல சுகமாக இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறார். கொப்பியைத் திறந்து பாராமல், சொன்ன சொல் தவறாமல் நடந்த ஆச்சிப்பிள்ளை உள்ளே மூக்கில் குழாயோடு கிடக்கிறார். எழும்பிப் போய் அகீலாக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, என் பிழையையும் எழுத ஒரு தாள் கேட்டேன்.

அடுத்த நாலு நாளும் அகீலாக்கா வீட்டுக்குப் போய்வந்தார் என்று பெயர்தான். சோறு தின்றதை நான் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் தனி அறையின் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பார். கம்சாயினியும் அங்கேதான் நிற்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. திங்கட்கிழமை படுவான்கரையில் குளிர்த்தி நடந்தது. செவ்வாய்க்கிழமை வெள்ளை அணு ஒரு துளி ஏறியிருந்தது. கம்சாயினி குளிர்த்தித் தண்ணீரைக் கொண்டுவந்து, முதலில் அகீலாக்காவிடம் நீட்டி, "தலையிலதானே மிஸ்ஸி?" என்று கேட்டாள். அதுதான் அவள் பேசின முதல் வார்த்தை. அகீலாக்கா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார்.

பதினாலாம் நாள் ஆச்சிப்பிள்ளை வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். மெலிந்திருந்தார், ஆனால் உதடு ஆறியிருந்தது. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு டொக்டர் வேறொரு குளிசை எழுதியிருந்தார், காலையில் ஒன்று, நாள்தோறும். அகீலாக்கா அதை விளங்கப்படுத்தினார். வார்த்தைக்கு வார்த்தை நின்று, பயந்து பயந்து சொன்னார். முடிந்ததும் பழக்கதோஷத்தில், "எங்க, திருப்பி..." என்று தொடங்கி, அப்படியே நிறுத்திவிட்டார்.

"இல்ல மிஸ்ஸி," என்றார் ஆச்சிப்பிள்ளை. "போன முறை நான் திருப்பிச் சொன்னன். இந்த முறை நான் கேக்கிறன், நீங்க சொல்லுங்க." கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "விரதம் எண்டா?"

"விரதம் எண்டாலும் ஒண்டு. சாப்பிட்ட பிறகு."

"துடக்கெண்டு கோயிலுக்குப் போகாட்டி?"

"அப்பயும் ஒண்டு."

"ஒரு நாள் மறந்து போனா, அடுத்த நாள் ரெண்டா?"

"இல்ல. ஒண்டுதான். ரெண்டு குடிக்கப்படாது."

"திரும்ப வாய் வெந்தா? அம்மாள்தான் எண்டு ஊர் சொன்னா?"

அகீலாக்கா கொப்பி மட்டையில் தன் போன் இலக்கத்தை எழுதினார். "எனக்குப் போன் எடுங்க. ராத்திரி எண்டாலும் எடுங்க. அம்மாள்தான் எண்டாலும் எடுங்க."

ஆச்சிப்பிள்ளை தலையை ஆட்டினார். பிறகு கிளினிக் கொப்பியை எடுத்து, பச்சைப் பேனை எழுதியிருந்த அந்தப் பக்கத்தை விரித்து, வீங்கிய விரலால் காட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"புள்ள, நீ எழுது. மிஸ்ஸிக்கு விளங்கிற்று எண்டு."